மலைக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?

டித்வா புயல் 2025 நவம்பர் கடைசியில் வந்து போன பிறகு யாழ்ப்பாணத்தில் எங்கே போனாலும் ஒரே கதைதான். சலூனில், சங்கக் கடையில், செத்தவீட்டில்கூட. "மலையில நிண்ட மரத்தை எல்லாம் தறிச்சுப்போட்டாங்கள், பிறகு மண் சரியாமல் என்ன செய்யும்?" நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் வீடுகள் மண்ணுக்குள் போன படங்களைப் பார்த்தவர்களுக்கு ஏதாவது ஒரு காரணம் தேவைப்பட்டது. மரம் வசதியான காரணம். பரிகாரமும் வசதியானது: நாலு கன்று, ஒரு பதாகை, ஒரு படம்.

மரம் நடுவதோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. ஆனால் மலைக்காட்டை வைத்து மனிதரைக் காப்பது நட்டுவிட்டுக் கை கழுவும் வேலை இல்லை. தொடாமல் விட்டுவிடும் வேலையும் இல்லை. மலையே இல்லாத ஊரில் இருந்துகொண்டு இதை நான் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரியலாம். எனக்குச் சொல்லித்தந்தவன் என் பெறாமகன்.

அண்ணை எண்பதுகளில் சுவிஸுக்குப் போனவர். ஊரி என்ற மலை மாநிலத்தில் ஓர் உணவகச் சமையலறையில் தொடங்கி அங்கேயே வேரூன்றிவிட்டார். எங்கள் ஆட்களின் பிள்ளைகள் அங்கே வங்கி, ஆஸ்பத்திரி, கணினி என்று போக, இவருடைய மகன் மூன்று வருடத் தொழிற்பயிற்சி எடுத்துக் காட்டு வேலைக்குப் போய்விட்டான். "இவ்வளவு செலவழிச்சு வளர்த்த பிள்ளை மரம் தறிக்கிறான்" என்பது அண்ணியின் நிரந்தரக் கவலை. மரம் தறிப்பது உண்மைதான். ஆனால் எந்த மரம், எந்த இடத்தில், எந்தப் பக்கம் சாய்த்து என்பதில்தான் கீழே உள்ள ஊரின் உயிர் இருக்கிறது. அவன் வேலை செய்வது காவற்காடுகளில். சுவிற்சர்லாந்தின் காட்டில் ஏறத்தாழ பாதியை இந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள். வீட்டை, வீதியை, ரயில் பாதையைப் பனிச்சரிவிலிருந்தும் உருண்டு வரும் கல்லிலிருந்தும் மண்சரிவிலிருந்தும் காக்கும் காடு.

அங்கே போயிருந்தபோது அவன் என்னை அன்டர்மற் என்ற ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனான். சுற்றிவர மொட்டை மலை. ஊருக்கு மேலே ஒரு சரிவில் மட்டும் முக்கோண வடிவில் கரும்பச்சையாக ஒரு காடு. 1397ஆம் ஆண்டிலேயே ஊர் மக்கள் எழுதி வைத்த தடை ஒன்று இந்தக் காட்டுக்கு உண்டு. மரம் மட்டுமில்லை, கிளை, செத்தை, விழுந்து கிடக்கும் கூம்புக்காய் எதையும் எடுக்கக் கூடாது. எதற்கு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது: அந்தக் காடு போனால் மாரியில் பனி நேரே கூரைக்கு வரும்.

இவ்வளவையும் கேட்டால் நம்மவர்களுக்குப் புல்லரிக்கும். அந்தக் காலத்திலேயே இயற்கையை எப்படி மதித்தார்கள் பார் என்று யாராவது எழுதியும் விடுவார்கள். பெறாமகன் அந்தக் கதையை அப்படி முடிக்கவில்லை. தடை போட்டுப் பூட்டி வைத்த காடு நூற்றாண்டுக் கணக்கில் கிழண்டுபோனது. நிழல் அடர்ந்து கீழே புதுக் கன்று முளைக்கவில்லை, முளைத்ததை ஆடும் மாடும் தின்றன. காடு சுருங்கிச் சுருங்கி ஒரு துண்டாக நின்றபோதுதான், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புதிதாக நட்டுப் பராமரிக்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகும் அது எல்லாச் சரிவையும் மூடவில்லை. 1951 ஜனவரி 20ஆம் திகதி ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறு பனிச்சரிவுகள் அந்த ஊரை அடித்தன. 13 பேர் இறந்தார்கள். அந்த மாரியில் அல்ப்ஸ் மலை முழுவதும் இறந்தவர்கள் 265 பேருக்கு மேல்.

காடு பனிச்சரிவை எப்படித் தடுக்கிறது என்பதை நான் முதலில் வேறு மாதிரித்தான் நினைத்திருந்தேன். பாய்ந்து வரும் பனியை மரங்கள் முட்டுக்கொடுத்து நிறுத்தும் என்று. அப்படி நடப்பது குறைவு. மரமில்லாத உச்சியிலிருந்து புறப்பட்டு வேகமெடுத்த பெரிய சரிவு, காட்டையும் முறித்து அள்ளிக்கொண்டு வரும். காட்டின் கெட்டித்தனம் சரிவைத் தொடங்கவே விடாமல் இருப்பதில்தான். பெய்யும் பனியில் ஒரு பங்கைக் கிளைகள் ஏந்திக்கொள்கின்றன. அதில் கொஞ்சம் ஆவியாகிப் போகும், மிச்சம் கட்டி கட்டியாகக் கீழே விழும். விழும் கட்டிகள் தரையில் படிந்த அடுக்குகளைக் குத்திக் குழப்பிவிடுகின்றன. வெட்டவெளியில் தெளிந்த இரவுகளில் பனியின் மேற்பரப்பு கடுமையாகக் குளிர்ந்து, அதன்மேல் பளிங்குபோல ஒரு பலவீனமான படலம் உண்டாகும். அதன்மேல் புதுப்பனி ஏறினால் வழுக்கும். மரக்கூரைக்குக் கீழே அந்தப் படலம் சரியாக உருவாவதில்லை. அடிமரங்களும் கட்டைகளும் விழுந்து கிடக்கும் தண்டுகளும் பனியை ஆணி அடித்ததுபோலப் பிடித்து வைக்கின்றன.

ஆகவே அவர்கள் எண்ணுவது மரங்களை இல்லை, இடைவெளிகளை. பனிச்சரிவு தொடங்குவதற்குப் பொதுவாக 30 பாகைக்கு மேல் சாய்வு வேண்டும். அப்படிப்பட்ட சரிவில் மேலிருந்து கீழாகக் காட்டுக்குள் இருக்கும் வெறும் இடம் 60 மீற்றருக்கு மேல் நீளக் கூடாது. சாய்வு 45 பாகை என்றால் 30 மீற்றருக்கு மேல் போகக் கூடாது. 2005இல் சுவிஸ் அரசு வெளியிட்ட வழிகாட்டியில் இப்படி ஆபத்துக்கு ஆபத்து, உயரத்துக்கு உயரம், மர வகைக்கு மர வகை அளவுகள் இருக்கின்றன. காட்டு அதிகாரி ஒவ்வொரு துண்டுக் காட்டிலும் இன்றைய நிலை என்ன, ஒன்றும் செய்யாமல் விட்டால் 50 வருடத்தில் என்ன நிலை என்று எழுதுகிறார். இரண்டாவது கேள்விக்கு விடை மோசமாக இருந்தால்தான் செயின்சோ உள்ளே போகும்.

ஏன் வெட்ட வேண்டும் என்பதற்குப் பெறாமகன் சொன்ன விளக்கம் எனக்கு உடனே பிடிபட்டது. ஒரே காலத்தில் நட்ட காடு ஒரே காலத்தில் கிழண்டுபோகும். ஒரே நாளில் நியமனம் கிடைத்த ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே வருடத்தில் பென்சன் எடுத்தால் பள்ளிக்கூடம் என்ன ஆகுமோ அதுதான் அந்த மலைக்கும் ஆகும். 1990 பெப்ரவரியில் விவியான் புயல், 1999 டிசம்பரில் லோத்தார், 2018 ஒக்ரோபரில் இத்தாலிப் பக்கம் வாயா. ஒவ்வொன்றும் மலைக்காட்டைச் சரிவு சரிவாகப் படுக்க வைத்தது. விழுந்த மரத்தில் பட்டை துளைக்கும் வண்டு பெருகி, அடுத்த வருடங்களில் நின்ற மரத்தையும் தின்றது. அதனால் குஞ்சும் குமருமாக எல்லா வயது மரமும் கலந்து நிற்க வேண்டும். அதற்கு அங்கங்கே பெரிய மரங்களை எடுத்து, சிறு சிறு கண்களாக வெளிச்சம் உள்ளே வர விட வேண்டும். கண் பெரிதானால் பனி வழுக்கும், சிறிதானால் கன்று வராது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவனுடைய பிழைப்பு.

வெட்டுகிற விதமும் வேறு. கல் உருளும் சரிவுகளில் மரத்தை அடியோடு தறிப்பதில்லை, நெஞ்சு உயரத்துக்குக் கட்டையை விட்டுவிடுகிறார்கள். தறித்த தண்டைச் சரிவுக்குக் குறுக்காகக் கொஞ்சம் சாய்வாகக் கிடத்துகிறார்கள். மேலிருந்து வரும் கல் அதில் முட்டி நிற்கும், அல்லது வேகம் குறையும். கிடத்திய தண்டு உக்கத் தொடங்கும்போது அதன் முதுகிலேயே புதுக் கன்றுகள் முளைக்கின்றன. சுற்றியுள்ள இடங்களை விட அங்கே பனி முந்திக் கரைகிறது, புல்லின் போட்டியும் இல்லை. இந்த விவரத்தைக் கேட்ட பிறகு, 'துப்புரவாக்கப்பட்ட காடு' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

இன்னொரு சண்டை மான்களோடு. வெள்ளை ஃபிர் என்ற மரம் ஆழமாக வேர் விடும், சரிவுக்கு மிக நல்லது. அதன் குருத்து மானுக்கும் மலையாட்டுக்கும் பலகாரம். ஆயிரக்கணக்கில் முளைத்தாலும் முழங்கால் உயரம் தாண்ட விடாமல் மேய்ந்துவிடும். ஆகவே காவற்காட்டைக் காப்பாற்ற வேட்டைக்காரரோடும் கதைக்க வேண்டும், ஓநாய் திரும்பி வந்ததைப் பற்றி ஆட்டுப்பண்ணைக்காரரோடும் வாதாட வேண்டும். மரம் நடுவது இவ்வளவு பெரிய வேலையில் எந்த மூலைக்கு!

இதற்கெல்லாம் காசு யார் தருகிறார்கள்? நான் மிகவும் ஆர்வமாகக் கேட்டது இதைத்தான். மரத்தை விற்றுவரும் காசு போதாது. கம்பி வடம் கட்டி இறக்க வேண்டும், சில இடங்களில் ஹெலிகொப்டரில் தூக்க வேண்டும். மத்திய அரசு, மாநிலம், ஊராட்சி, அதோடு அந்தக் காட்டால் பயன் பெறுகிறவர்கள் என்று எல்லாரும் பங்கு போடுகிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 15 கோடி பிராங் இதற்குப் போகிறது. அல்ப்ஸைக் கடக்கும் கொத்தார்ட் ரயில் பாதைக்கு மேலே உள்ள சரிவுகளுக்கு ரயில்வேயும் கொடுக்கிறது. அது தானதருமம் இல்லை, கணக்கு. பனியைப் பிடிக்க இரும்பு வேலி போடுவதானால் ஒரு ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 10 இலட்சம் பிராங் ஆகும். பிறகு அதைப் பராமரிக்கவும் வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் கல் என்ன செய்யும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 2012 ஜூனில் அந்தப் பாதையில் உள்ள குர்ட்நெல்லன் என்ற இடத்தில் பாறை சரிந்து ஒரு தொழிலாளி இறந்தார், ரயில் பாதை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது.

சரி, காடு எல்லாவற்றையும் நிறுத்துமா? இல்லை. 2025 மே 28ஆம் திகதி பிளாட்டன் என்ற சுவிஸ் கிராமத்தின் மேல் ஒரு பனியாறே உடைந்து விழுந்து, ஊரின் பெரும்பகுதியை மூடிவிட்டது. அதற்கு முன்னால் எந்த மரம் நிற்கும்? ஏறத்தாழ 300 பேர் உயிர் பிழைத்தது, நாட்களுக்கு முன்பே அவர்களை ஊரைவிட்டு எழுப்பியதால். மண்சரிவிலும் இப்படித்தான். வேர் எட்டும் ஒன்று, இரண்டு மீற்றர் ஆழத்துக்குள் நடக்கும் சரிவுக்குக் காடு நல்ல தடை. அதற்குக் கீழே, பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் நீர் ஊறி மலையே நகரத் தொடங்கினால் மரங்களும் நின்ற நிலையில் சேர்ந்து நகரும். இதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். மலையகத்தில் பெரிய அழிவுகள் பலவற்றில் மண் ஆழத்திலிருந்துதான் பெயர்ந்தது.

இப்போது நம்முடைய மலைக்கு வருகிறேன். 1868இல் பெரிய வெள்ளம் வந்த பிறகு, சுவிஸ் 1876இல் மலைக்காடுகளுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. காட்டின் பரப்பு குறையக் கூடாது என்பது அதன் முதுகெலும்பு. அதே காலத்தில், 1873இல், லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஜோசப் ஹூக்கர், இலங்கையில் 5000 அடிக்கு மேல் உள்ள காட்டை அழிக்காமல் வைக்கச் சொன்னார். சிவனொளிபாதமலைப் பக்கத்திலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் இன்றைக்குக் காடு நிற்பதில் அந்த ஆலோசனைக்குப் பெரிய பங்குண்டு. நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கோடுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே காலப்போக்கில் கோடு கிழிக்கப்பட்டது கீழே யார் வசிக்கிறார்கள் என்று பார்த்து. இங்கே கோடு கிழிக்கப்பட்டது உயரத்தைப் பார்த்து. 5000 அடிக்குக் கீழே? அது கோப்பிக்கும், கோப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலைக்கும். அந்தச் சரிவுகளில்தான் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்த தொழிலாளர்களுக்கு லயம் என்ற வரிசை வீடுகளைக் கட்டினார்கள். அவர்களுக்கு மேலே நிற்கும் மலையை யாரும் அவர்களுடைய கூரை என்று கணக்கெடுக்கவில்லை.

2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் புதைந்தபோது, அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை ஏற்கெனவே இருந்தது. போவதற்கு இடம்தான் இருக்கவில்லை. சொந்தமாக ஒரு பரப்புக் காணி இல்லாதவரிடம் "எழும்பிப் போ" என்று சொல்வது எவ்வளவு சுலபம்! மண்சரிவு எச்சரிக்கை விடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இருக்கச் சொல்கிறது, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேறச் சொல்கிறது. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு. அந்த அறிவிப்பு சரியாகவே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கேட்டுவிட்டு இரவு ஒரு மணிக்குக் குழந்தையோடு எங்கே போவது என்பதற்கு நிறத்தில் விடை இல்லை.

மலையகத்தில் காட்டு வேலை என்று தொடங்கினால், என்னைக் கேட்டால், முதலில் வருவது கன்று இல்லை, கான். தேயிலை மலையில் நீரை இறக்கிவிட வெட்டிய கான்களை வருடா வருடம் தூர் வாராவிட்டால் மழை நீர் அங்கேயே நின்று மண்ணுக்குள் இறங்கும். மேலே எத்தனை மரம் நட்டாலும் அந்த நீர் தன் வேலையைச் செய்யும். அடுத்தது, லயங்களுக்கு மேலே கைவிடப்பட்டுக் கிடக்கும் தேயிலைத் துண்டுகள், வீதிக்கும் வீட்டுக்கும் செங்குத்தாக வெட்டிய கரைகள். அந்த இடங்களில் பைனோ யூக்கலிப்டஸோ வரிசையாக நட்டால் அது விறகுத் தோட்டம். ஆழ வேர், பரந்த வேர், உயரம், பற்றை என்று கலந்து வளர வேண்டும். யாராவது ஒருவர் வருடா வருடம் ஏறிப் பார்க்க வேண்டும், சம்பளத்துக்கு. அந்தச் சம்பளத்தைத் தோட்டக் கம்பனி மட்டும் கொடுக்காது, அரசு மட்டும் கொடுத்து முடியாது. கீழே ரயில் போகிறது, வீதி போகிறது, நீர்மின் தேக்கங்கள் இருக்கின்றன. தேக்கத்தில் மண் சேர்ந்தால் மின்சாரம் குறைவது யாழ்ப்பாணத்திலும் தெரியும். ஆகவே எங்களுடைய மின்கட்டணத்தில் ஒரு சிறு பங்கு அந்தச் சரிவுகளுக்குப் போனால் நான் முணுமுணுக்க மாட்டேன். மற்றவர்கள் முணுமுணுப்பார்கள் என்று தெரியும்.

பெறாமகன் ஊருக்கு வந்தபோது அவனை வடமராட்சி கிழக்கில் மணற்காட்டுக்குக் கூட்டிப் போனேன். மலை இல்லாவிட்டாலும் எங்களிடம் ஒரு காவற்காடு இருக்கிறதே என்று காட்ட. மணல் மேடுகள், அவற்றைப் பிடித்து வைக்க நட்ட சவுக்கு, மணலுக்குள் பாதி போன பழைய அந்தோனியார் கோயில். மணல் ஊருக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கோயிலே சாட்சி. நான் மேலே பார்த்துக்கொண்டு நின்றேன், சவுக்கில் காற்று இரையும் சத்தம் எனக்கு எப்பவும் விருப்பம். அவன் குந்தியிருந்து நிலத்தைக் கிண்டிக்கொண்டிருந்தான். சவுக்குச் செத்தை மெத்தைபோலக் கிடந்தது, அதற்குள் ஒரு கன்றும் இல்லை.

"சித்தப்பா, இதெல்லாம் ஒரே வயசு. இதுக்குக் கீழ அடுத்தது வரயில்லை. சாகிற நேரம் எல்லாம் சேர்ந்து சாகும்."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

"அங்கங்க கொஞ்சம் வெட்டி, இந்த மண்ணுக்குச் சரிவாற வேற மரமும் கலந்து வைக்கலாம். ஒரே அடியா இல்லை. இண்டைக்கு ஒரு துண்டு, அஞ்சு வருசம் கழிச்சு அடுத்தது."

பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தொழிலுக்குப் போய்வந்த களைப்பு, எங்களைக் கண்டதில் பெரிய சந்தோசமும் இல்லை. "தம்பி சொல்லுறது சரியா இருக்கலாம்" என்றார். "ஆனால் வெட்டலாம் எண்டு ஒரு கடிதம் வந்தால் அடுத்த நாள் லொறி வந்து நிக்கும். மண்ணையும் அள்ளிக்கொண்டு போவாங்கள். இஞ்ச வெட்டாத எண்டு சொன்னால்தான் கொஞ்சமாவது மிஞ்சும்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்டர்மற் ஆட்கள் 1397இல் கூம்புக்காயைக்கூட எடுக்காதே என்று எழுதியதும் இதே பயத்தில்தான் என்று நினைக்கிறேன். ஆளை நம்ப முடியாத இடத்தில் தடை ஒன்றுதான் கையில் இருக்கும் ஆயுதம். பெறாமகன் தன்னுடைய அரைகுறைத் தமிழில் அவருக்கு விளங்கப்படுத்தினான். தங்கள் இடத்தில் காட்டு அதிகாரி ஒவ்வொரு மரமாகப் பார்த்து அடையாளம் போட்ட பிறகுதான் வெட்டலாம், காணி சொந்தமானாலும் அப்படித்தான் என்று.

ஐயா ஊசியைக் கீழே வைத்தார். "அந்த ஆளை முதல்ல இஞ்ச போடச் சொல்லுங்கோ" என்றார். "ஒரு பத்து வருசம் இருக்கட்டும். பிறகு வெட்டுறதைப் பற்றிக் கதைப்பம்."